அப்பாவைப் பற்றி மூன்று நிமிடம்

ஹுவே
6 அக்டோபர் 1996

பிரியமுள்ள லோவான் அக்காவுக்கு,

உன் தங்கை தியெப் எழுதுவது. இங்கே நான் சுகம், மழையில் காயாத என் துணிகள்தான் சுகமாக இல்லை. அம்மாவின் ரத்தக்கொதிப்பு இறங்கியதா? அப்பாவுக்கு அந்த வறட்டு இருமல் நின்றதா? கஞ்சிக் கடையில் விலாங்கு அறுக்கும்போது கையை வெட்டிக்கொள்ளாமல் இருக்கிறாயா?

இரண்டாம் வருடத்தில் எங்களுக்கு ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி என்று ஒரு வகுப்பு. பாவ் சார் நடத்துகிறார். வாரத்துக்கு ஒரு விஷயம். மழை, சந்தை, என் அறை, ஞாயிற்றுக்கிழமையை எப்படிக் கழிக்கிறேன், இப்படி. இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவரிடம் ஒருவர் மூன்று நிமிடம் பேச வேண்டும். பிறகு கேட்டவள் எழுந்து நின்று, சொன்னவள் சொன்னதை வகுப்புக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

என் ஜோடி யார் தெரியுமா? நாற்பது தாண்டிய ஒரு பெண்மணி. பெயர் உயென். இத்தனை காலம் பள்ளிக்கூடத்தில் ரஷ்ய மொழி சொல்லிக்கொடுத்தவர். இப்போது ரஷ்ய மொழியை யாரும் சீண்டுவதில்லை. ஆங்கிலம் கற்றுக்கொண்டு வந்தால்தான் வேலை என்று அனுப்பிவிட்டார்கள். நாங்கள் எல்லாரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறோம். அவர் ஆங்கிலம் பேசினால் மேட்டில் ஏறும் லாரி மாதிரி இருக்கிறது. போன வாரம், அம்மாவின் போர்வையைத் துவைத்துக் காயப்போடுகிறேன் என்று சொல்வதற்குப் பதில், "ஞாயிறுதோறும் அம்மாவைத் துவைத்துக் காயப்போடுகிறேன்" என்று சொல்லிவிட்டார். வகுப்பே சிரித்தது. அதிகம் சிரித்தவர் அவர்தான்.

ஆற்றுக்கு அக்கரையில் தான்பூவில் அம்மாவோடு இருக்கிறார். எனக்கும் சேர்த்துச் சோறு கட்டிக்கொண்டு வருகிறார். "உன் பாதி, என் பாதி சேத்தாத்தான் தியெப் ஒரு முழு வாக்கியம் வருது" என்கிறார். எனக்கு இந்த ஊரில் ஆள் கிடைத்துவிட்டது, கவலைப்படாதே.

வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

உன்
தியெப்

*

வின்
19 அக்டோபர் 1996

அன்புத் தங்கச்சி தியெப்புக்கு,

இங்கே அனைவரும் நலம். அம்மாவின் ரத்தக்கொதிப்பு பரவாயில்லை. என் கையில் பத்து விரலும் இருக்கின்றன.

உன் கடிதத்தை வழக்கம்போல் சாப்பாட்டு நேரத்தில் படித்துக் காட்டினேன். போர்வைக் கதையைக் கேட்டு அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அப்பா மட்டும் அந்த டீச்சர் எந்த ஊர் என்று இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, சைக்கிளுக்குக் காற்றுப் பார்க்கிறேன் என்று எழுந்து போனார். பாதிச் சோறு அப்படியே இருந்தது.

மறுநாள் கடைக்கு வந்து, உனக்கு எழுதச் சொன்னார்: "படிக்கப் போன எடத்துல படிப்ப மட்டும் பாக்கச் சொல்லு. அடுத்தவங்க சோத்தத் தின்னுக்கிட்டு, அவங்க வீட்டுக்குப் போயி வந்துக்கிட்டு இருக்க வேணாம்." அவர் சுபாவம் உனக்குத் தெரியுமே. நீ ஹனோய்க்குத்தான் போக வேண்டும், ஹுவே வேண்டாம் என்று அன்றைக்கு எப்படிப் பிடிவாதம் பிடித்தார். தன் சொந்த ஊர்ப் பக்கத்தையே வேண்டாம் என்கிறவரை என்ன செய்வது? போர் எல்லாரையும் கொண்டுபோய்விட்டது, அங்கே எனக்கு யாரும் இல்லை என்பார். நீ மனதில் வைத்துக்கொள்ளாதே.

குடை வாங்கிக்கொள். பழைய குடையை வைத்துக்கொண்டு நனையாதே.

உன் அக்கா
லோவான்

*

ஹுவே
10 நவம்பர் 1996

லோவான் அக்கா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் இந்தக் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் படிக்காதே. கடையில் தனியாக இருக்கும்போது படி.

இந்த வாரத்து விஷயம், 'என் அப்பா'. முடிந்தால் ஒரு படம் கொண்டுவாருங்கள், ஆளை வருணித்துப் பழகலாம் என்றார் பாவ் சார். முதலில் உயென் டீச்சர் பேசினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"என் அப்பாவை நான் பார்த்ததில்லை. ஐம்பத்து நான்கில், நாடு வடக்கு தெற்கு என்று பிரிந்தபோது, நான் அம்மா வயிற்றில் இருக்கும்போது, அவர் மற்றவர்களோடு வடக்கே போனார். இரண்டு வருடத்தில் திரும்பிவிடுவேன் என்று இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். திரும்பவில்லை. போரில் இறந்துபோனார். அவருக்கு இடது கைப் பழக்கம். நன்றாக வலை பின்னுவார். சின்ன வயதில் மூங்கில் பட்டு அவர் இடது புருவம் இரண்டாகப் பிளந்துபோனது."

எங்கே இலக்கணம் தப்புகிறது என்று பார்த்துக்கொண்டேதான் கேட்டேன் அக்கா. புருவம் என்றபோது சிரிப்புக்கூட வந்தது, நம் அப்பாவுக்கும் அப்படித்தானே என்று. அப்புறம் அவர் பையிலிருந்து படத்தை எடுத்து என் கையில் கொடுத்தார்.

நம் அப்பா. இருபது வயசு அப்பா. தாடையை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, போட்டோ எடுப்பவன் மேல் கோபம் மாதிரி. என் கல்லூரி அட்டையில் இருக்கும் படத்தில் நான் எப்படி முறைத்துக்கொண்டிருக்கிறேனோ, அப்படி.

பெயர் மட்டும் வேறு. தின் என்றார். வடக்கே வந்தவர்கள், ஊரில் விட்டுவந்தவர்களுக்குத் தொல்லை வரக்கூடாது என்று பெயரை மாற்றிக்கொண்டதாக அப்பாவே நமக்குச் சொல்லியிருக்கிறார், ஞாபகம் இருக்கிறதா?

பிறகு நான் எழுந்து நிற்க வேண்டியிருந்தது. "உயென் டீச்சரின் அப்பாவுக்கு இடது கைப் பழக்கம். அவர் வலை பின்னுகிறார்" என்றேன். பாவ் சார், "இறந்தகாலம்" என்று திருத்தினார். மறுபடியும் "பின்னுகிறார்" என்றேன். "இறந்துபோனவர் எப்படியம்மா பின்னுவார்?" என்றார். நம் பேச்சில் காலத்துக்குக் காலம் வினை மாறாது, இருப்பவருக்கும் போனவருக்கும் ஒரே சொல்தான். இந்த ஆங்கிலத்தில் அப்படித் தப்பிக்க முடியவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உயென் டீச்சர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சலா?" என்று கேட்டார்.

நான் முட்டாள், உலகத்தில் பிளந்த புருவம் எத்தனையோ இருக்கிறது என்று உடனே எழுது. தயவுசெய்து உடனே எழுது.

தியெப்

*

ஹுவே
1 டிசம்பர் 1996

அக்கா,

நீ நலமா? கடை நடக்கிறதா? தபால்காரரைப் பார்த்துப் பார்த்து விடுதிக் காவலாளியே என்னைக் கேலி செய்கிறார், யாருடைய காதல் கடிதம் என்று.

நீ எழுதவில்லை. அதற்குள் இங்கே நடந்ததைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.

பௌர்ணமிக்கு மறுநாள் தங்கள் வீட்டில் விசேஷம், கட்டாயம் வர வேண்டும் என்றார் உயென் டீச்சர். என்ன விசேஷம் என்று கேட்காமல் போனேன். போன பிறகுதான் தெரிந்தது. அப்பாவின் திவசம். உயிரோடு வின் நகரத்தில் சைக்கிளுக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும் நம் அப்பாவின் திவசம்.

கூடத்தில் அதே படம், பெரிதாக்கி, சட்டம் போட்டு. முன்னால் ஊதுபத்தி, வறுத்த மீன், கீரை, ஒரு கிண்ணம் சோறு, மேலே சாப்பிடும் குச்சிகள். உயென் டீச்சரின் அம்மா சின்ன உருவம். வெற்றிலைக் கறை படிந்த பல். அழவில்லை, முணுமுணுக்கவுமில்லை. ஊதுபத்தியை நட்டுவிட்டு வந்து, "சாப்பிடு பாப்பா, ஆறிடும்" என்று படையலில் இருந்த மீனையே எடுத்து என் கிண்ணத்தில் வைத்தார்.

தின்றேன் அக்கா. என்ன செய்வேன்? நம் அப்பாவுக்குப் படைத்ததை நானே தின்றேன். அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒனக்கு எந்த ஊரு?" என்றார். வின் என்றேன். "தூரம்" என்றார். அவ்வளவுதான்.

வாயில் சோறு இருக்கும்போதுதான் நினைத்தேன், இன்றைக்குத்தானே நம் வீட்டிலும் அப்பாவின் ஊரில் செத்துப்போன அந்தத் தெற்கத்தி அத்தைக்குத் திவசம், அம்மா கோழி அடித்திருப்பாள் என்று. வீட்டு நினைப்பில் ஏதேதோ தோன்றுகிறது.

எழுது அக்கா. திட்டியாவது எழுது.

தியெப்

*

வின்
4 டிசம்பர் 1996

அன்புள்ள தியெப்,

அனைவரும் நலம். நீயும் நலமாக இருப்பாய்.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. விலாங்கு கிடைப்பதில்லை, கிடைத்தாலும் நூல் மாதிரி இருக்கிறது. ரயில் நிலையத்துக்கு எதிரே இன்னொருத்தி கஞ்சிக் கடை போட்டிருக்கிறாள், மிளகை அள்ளிக் கொட்டுகிறாள். அத்தை திவசம் எப்போதும்போல் நடந்தது. அம்மா ஒட்டரிசிச் சோறு வடித்து, கோழி படைத்தாள். அப்பா எப்போதும்போல் அன்றைக்கு வீட்டில் தங்கவில்லை, மீன் பிடிக்கப் போய்விட்டார்.

உனக்கு ஒரு ஸ்வெட்டர் அனுப்புகிறேன். நீலம்தான் கிடைத்தது. கழுத்து இறுக்கமாக இருந்தால் சொல். நன்றாகச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு. குளிர்காலத்தில் கண்டதையும் யோசிக்காதே.

உன் அக்கா
லோவான்

*

வின்
5 ஜனவரி 1997

தியெப்,

நீ திருப்பி அனுப்பிய ஸ்வெட்டர் வந்து சேர்ந்தது. உள்ளே ஒரு வரிகூட வைக்காமல் கட்டியிருந்தாய். கடையில் பொட்டலத்தைப் பிரித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நீ உடம்புக்குச் சுகமா என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

உன் நவம்பர் கடிதம் அப்போதே வந்தது. அடுப்புக்கு முன்னால் நின்று படித்தேன். கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. அப்பாவிடம் கேட்டால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும், அம்மாவுக்குத் தெரிந்தால் ரத்தக்கொதிப்பில் விழுந்துவிடுவாள். இப்படியே யோசித்து, ஒன்றுமே நடக்காதது மாதிரி இருந்துவிடலாம் என்று உனக்கு விலாங்கைப் பற்றி எழுதினேன்.

ஸ்வெட்டர் வந்த அன்று அம்மா கேட்டாள், "அவ ஏன் திருப்பி அனுப்பினா? என்னடி எழுதின அவளுக்கு?" எனக்குப் பொய் வரவில்லை. சொல்லிவிட்டேன்.

அம்மா விழவில்லை. இலை கழுவிக்கொண்டிருந்தாள், கழுவி முடித்தாள். பிறகு சொன்னாள். அப்பாவுக்கு ஊரில் ஒரு மனைவி இருந்தது அவளுக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரியுமாம். அப்பாவே சொல்லித்தான் கட்டிக்கொண்டாராம். பத்து வருடம் செய்தி இல்லை, எல்லை மூடிக்கிடந்தது, அப்போது எல்லாரும் அப்படித்தான் என்றாள். போர் முடிந்த மறு வருடம் அம்மாவே அப்பாவை லாரி ஏற்றி அனுப்பியிருக்கிறாள். இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், நான் ஒதுங்கிக்கொள்கிறேன் என்று. அப்போது நீ அவள் வயிற்றில். அப்பா திரும்பி வந்து, "அவ செத்துட்டா" என்றாராம். அவர் அந்த ஊர் வாசலில் நின்று அதைக் கேள்விப்பட்ட நாளையே திவச நாளாக வைத்துக்கொண்டார்களாம்.

தெற்கத்தி அத்தை என்று நாம் கும்பிட்டது அத்தையை இல்லை, தியெப். உன் உயென் டீச்சரின் அம்மாவை.

சாயங்காலம் அப்பா வந்ததும் அம்மா குரலை உயர்த்தாமல் கேட்டாள்: "உயிரோட இருக்கறவளுக்கு இருவது வருஷமா என் கையால ஊதுபத்தி கொளுத்த வெச்சிட்டீங்களே. நான் அவளுக்கு என்ன பாவம் பண்ணினேன், நீங்க எனக்கு என்ன பாவம் பண்ணினீங்க?"

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார். வேலி வரைக்கும் போனாராம். வயசுப் பெண் ஒருத்தி கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாளாம். அவர் முகமே அவள் முகத்தில் இருந்ததாம். "யாரத் தேடி வந்தீங்க மாமா?" என்று கேட்டாளாம். "வழி தவறிட்டேன்" என்று சொல்லி, அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பி நடந்துவிட்டாராம். உள்ளே போயிருந்தால் வெளியே வந்திருக்க மாட்டேன், இங்கே நீங்கள் இருந்தீர்கள் என்றார்.

அம்மா அன்றிலிருந்து கடையில் படுத்துக்கொள்கிறாள்.

ஸ்வெட்டரை மறுபடி அனுப்புகிறேன். இந்தத் தடவை போட்டுக்கொள்.

லோவான்

*

ஹுவே
15 ஜனவரி 1997

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். உன்மேல் கோபம் இல்லை. அம்மாவைப் பார்த்துக்கொள், மாத்திரையை மறக்க விடாதே.

உன் கடிதத்தைப் படித்த மறுநாள், ஜோடியை மாற்றிக்கொடுங்கள் என்று பாவ் சாரிடம் கேட்டுவிட்டேன். காரணம் கேட்டார். உச்சரிப்பு ஒத்துவரவில்லை என்றேன். வேறு என்ன சொல்வது? உயென் டீச்சர் பையை எடுத்துக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போனார். அந்த வாரம் பேச வேண்டிய விஷயம் 'என் நெருங்கிய தோழி'. அவர் புது ஜோடியிடம் என்ன சொன்னாரோ.

எனக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்துவிட்டது. நான்கு நாள் வகுப்புக்குப் போகவில்லை. நேற்று விடுதி அறைக் கதவைத் தட்டிக்கொண்டு அவரே வந்தார். மழையில் சைக்கிள் மிதித்து, துண்டு சுற்றிய தூக்கில் கஞ்சி கொண்டுவந்திருந்தார். ஊட்டிவிடாத குறை. நான் குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, ஆங்கிலத்தில் இல்லை, நம் பேச்சிலேயே கேட்டார்: "நான் ஏதாவது தப்பாப் பேசிட்டனா தியெப்? என் வயசுக்கு ஒங்க கூட ஒக்காந்தா ஒங்களுக்குச் சங்கடமா இருக்குமோன்னு எனக்கே தோணியிருக்கு. மனசுல பட்டதச் சொல்லிடு."

இல்லை இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவர் தூக்கைக் கழுவி எடுத்துக்கொண்டு போய்விட்டார். கிணற்றடியில் அப்பாவுக்குத் தண்ணீர் கொடுத்தது இந்தக் கைதானே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. சொல்லவும் முடியாது. பெரியவர்களைக் கேட்டு எழுது.

தியெப்

*

வின்
26 ஜனவரி 1997

தியெப்,

நீ குணமாகிவிட்டாயா? இதைப் படித்ததும் முதலில் ஏதாவது சாப்பிடு.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்தேன். அம்மா எழுந்து நேராக வீட்டுக்குப் போனாள். அப்பாவிடம் சொன்னாள்: "தேத் புது வருஷப் பண்டிகைக்கு இன்னும் ரெண்டு வாரம்கூட இல்ல. இந்த வருஷம் அந்தம்மா ஒங்களுக்கு ஊதுபத்தி ஏத்தக் கூடாது. நான் அவங்களுக்கு ஏத்த மாட்டேன். போயி நான் உயிரோட இருக்கேன்னு சொல்லிட்டு வாங்க. அப்பறம் அங்க இருக்கறதா இங்க வர்றதா, அது அவங்க சொல்றபடி."

அப்பா, எந்த முகத்தோடு போவேன் என்றார். "இருக்கற மொகத்தோட" என்றாள் அம்மா.

பிப்ரவரி முதல் தேதி ரயிலில் வருகிறார். ஸ்டேஷனுக்குப் போய் அழைத்துக்கொள். ஆனால் அவர் வாசலில் போய் நிற்பதற்கு முன்பே உயென் டீச்சரிடம் நீ சொல்லிவிட வேண்டும், பிறகு அவர் தன் அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லட்டும் என்கிறாள் அம்மா. செத்தவன் நடந்து வந்தால் வயதானவர்களுக்கு நெஞ்சு நின்றுபோகும் என்று பயப்படுகிறாள்.

தைரியமாக இரு.

லோவான்

*

ஹுவே
3 பிப்ரவரி 1997

அன்பான அக்காவுக்கு,

அப்பா இன்று காலை ரயில் ஏறிவிட்டார். இது கிடைப்பதற்கு முன்பே வீட்டுக்கு வந்திருப்பார். அவர் எதுவும் சொல்லமாட்டார், அதனால் நான் எழுதுகிறேன்.

ஸ்டேஷனிலிருந்து அவரை அழைத்துக்கொண்டு, தான்பூ படகுத் துறையில் ஒரு டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு, நான் மட்டும் முதலில் போனேன். அடுக்களையில் உயென் டீச்சர் பண்டிகைக்கு இஞ்சி மிட்டாய் போட இஞ்சி சீவிக்கொண்டிருந்தார். அவர் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து இலை துடைத்துக்கொண்டிருந்தார். தனியாகப் பேச வழியில்லை. அதனால் ஆங்கிலத்தில் சொன்னேன். இத்தனை மாதம் மழை, சந்தை, ஞாயிற்றுக்கிழமை என்று பழகிய அந்த ஆங்கிலத்தில்.

"உங்கள் அப்பா உயிரோடு இருக்கிறார்" என்றேன்.

"இருந்தார்" என்று திருத்தினார் உயென் டீச்சர், கையை நிறுத்தாமல். "இன்னும் அதே தப்பைப் பண்ணுகிறாயே."

"இருக்கிறார். வின் நகரத்தில். இடது கையால் வலை பின்னுகிறார். என் அம்மாவோடு இருக்கிறார். உங்கள் அப்பாதான் என் அப்பா."

எனக்குத் தெரிந்த சொற்கள் அவ்வளவுதான். இஞ்சி சீவிய கத்தி நின்றது. அவர் என் முகத்தைப் பார்த்தார். நெற்றி, தாடை, கண் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்திலேயே, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துக் கேட்டார்: "அவருக்கு எத்தனை பிள்ளைகள்?"

"மூன்று" என்றேன்.

அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. "என்னடி ரெண்டு பேரும் வெள்ளக்காரன் பாஷையில அழுதுக்கிட்டு இருக்கீங்க?" என்றார் அவர் அம்மா.

பதில் சொல்வதற்குள் வாசலில் நிழல் தட்டியது. டீக்கடையில் இருக்க முடியாமல் அப்பா வந்துவிட்டார். மழைக்கோட்டு சொட்டச் சொட்ட வேலிப்படலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா துணியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போனார். நெஞ்சைப் பிடிக்கவில்லை. கூச்சல் போடவில்லை. அப்பாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இந்தத் தடவ தண்ணிய மட்டும் குடிச்சிட்டுப் போயிடாதீங்க."

அக்கா, அவருக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். நடையை வைத்தே கண்டுகொண்டு, தலையை வாரிக்கொண்டு நின்றாராம், உள்ளே வருவார் என்று. வரவில்லை. "வர முடியாதவனுக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன், சரி. வந்துட்டுத் திரும்பிப் போனவனுக்கு எப்படிக் காத்திருக்கறது? அன்னியோட செத்துட்டாருன்னு வெச்சிட்டேன்." போரில் இறந்துபோனதாக அதிகாரிகள் வந்து சொன்னார்கள் என்று மகளிடம் சொன்னது பொய். திவச நாள், அப்பா கிணற்றடியில் நின்ற நாள். அதே நாளை வைத்து அப்பா அங்கே வந்து இந்த அம்மாவைச் சாகடித்திருக்கிறார், இந்த அம்மா இங்கே அப்பாவைச் சாகடித்திருக்கிறார்.

உயென் டீச்சர் அப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோபமெல்லாம் தன் அம்மாமேல்தான். "தண்ணி குடுத்தது நான்மா. என் கையால குடுத்தேன். ஓடிப்போயி கூப்புட்டிருப்பேனே. ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த அம்மா, "கூப்புட்டா வந்திருப்பாரு. அதான் சொல்லல" என்றார்.

அப்பாவுக்கு டீ வந்தது, விருந்தாளிக்குக் கொடுப்பது மாதிரி தட்டில் வைத்து. படத்தைச் சுவரிலிருந்து இறக்கிக் காகிதத்தில் சுற்றி அவர் பக்கத்தில் வைத்தார் அந்த அம்மா. புறப்படும்போது, "ஒங்க வீட்டுக்காரி பேரென்ன?" என்று கேட்டார்.

"ஹாவ்" என்றார் அப்பா. அன்றைக்கு அவர் பேசிய ஒரே வார்த்தை.

"அவங்களத்தான் நான் பாக்கணும். ஒங்களப் பாத்தாச்சு."

பண்டிகைக்கு நான் வரவில்லை அக்கா. உயென் டீச்சர் தன் அம்மாவோடு பேசுவதில்லை. நடுவில் யாராவது இருக்க வேண்டும்.

உன்
தியெப்

*

வின்
2 மார்ச் 1997

அன்புத் தங்கச்சிக்கு,

புது வருடம் உனக்கு நல்லதாக இருக்கட்டும். எங்களுக்குப் பண்டிகை வந்தது, போனது.

அப்பா வந்து இறங்கியதும் அம்மா கேட்டது ஒன்றுதான்: "அவங்க எப்படி இருக்காங்க?" அப்பா யோசித்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவருக்கு உறைத்தது, அங்கே அதை அவர் கேட்கவே இல்லை என்று. "உன்னப் பாக்கணுமாம்" என்று மட்டும் சொன்னார்.

பண்டிகை முடிந்ததும் அம்மா அத்தைக்கு ஏற்றுகிற ஊதுபத்திக் கிண்ணத்தை ஆற்றில் கவிழ்த்துவிட்டு, கிண்ணத்தையும் விட்டுவிட்டு வந்தாள். நேற்று பையைக் கட்டினாள். காய்ந்த விலாங்கு, பச்சைத் தேயிலை, எனக்குத் தெரியாமல் அவள் தைத்து வைத்திருந்த ஒரு பழுப்புச் சட்டை. இரண்டு நாளில் வந்துவிடுவாளாம். அப்பா பையைத் தூக்க வந்தார். கொடுக்கவில்லை.

நாளை மாலை ஹுவே ஸ்டேஷனுக்குப் போ, இந்தக் கடிதம் தாமதமானால் என்று தந்தியும் அடித்திருக்கிறேன். அவளுக்கு ரயில் பழக்கமில்லை.

லோவான்

*

ஹுவே
23 மார்ச் 1997

அன்புள்ள லோவான் அக்காவுக்கு,

அம்மா சுகம். ரத்தக்கொதிப்பு இறங்கியிருக்கிறது, இங்கே மருந்துக் கடையில் பார்த்தோம். இரண்டு நாள் என்று வந்தவள் மூன்று வாரமாகத் தான்பூவில் இருக்கிறாள். எப்போது கிளம்புகிறாய் என்று கேட்டால், கொல்லையில் போட்ட கீரை வரட்டும் என்கிறாள்.

முதல் நாளைப் பற்றிச் சொல்கிறேன். அம்மா படி ஏறியதும் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இத்தன வருஷம் ஒங்களுக்குத் திவசம் குடுத்துட்டேன், மன்னிக்கணும்" என்று உடைந்துவிட்டாள்.

அந்த அம்மா, "எனக்கு என்ன படச்ச?" என்று கேட்டார்.

"கோழியும் ஒட்டரிசிச் சோறும்."

"வருஷா வருஷமா?"

"வருஷா வருஷம்."

"அடிப்பாவி. நான் அவருக்கு வெறும் மீன்தான் படச்சேன்" என்றார். அம்மா அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். நாங்கள்தான் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நின்றோம்.

இப்போது காலையில் ஒருத்தி அடுப்பு மூட்டினால் இன்னொருத்தி சந்தைக்குப் போகிறாள். காரம் போதாது என்று ஒருத்தி, காரம் அதிகம் என்று ஒருத்தி. அம்மா தைத்த பழுப்புச் சட்டை அந்த அம்மாவுக்குத் தோளில் சரியாக இருந்தது, கையில் கொஞ்சம் நீளம். உயென் டீச்சர் பேச்சுத் தேர்வில் தேறிவிட்டார். நான் அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்து, பாதியில் டீச்சர் என்று மாற்றிவிடுகிறேன். தன் அம்மாவோடு இப்போது பேசுகிறார், சுருக்கமாக. அப்பாவைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அம்மா எழுதச் சொன்னது: கடைக்கு விறகு ஈரமாக வாங்காதே.

உன்
தியெப்

*

வின்
5 ஏப்ரல் 1997

அன்புத் தியெப்,

நலமாக இருக்கிறாய் என்று தெரிந்து நிம்மதி. இங்கே நானும் அப்பாவும் சுகம். விறகு காய்ந்ததுதான் வாங்குகிறேன் என்று அம்மாவிடம் சொல்.

அம்மா இல்லாததால் அப்பா விடியற்காலையே கடைக்கு வந்துவிடுகிறார். விலாங்கு கழுவக் கற்றுக்கொண்டுவிட்டார். சாம்பலைத் தேய்த்து வழுவழுப்பு எடுப்பது மட்டும் இன்னும் வரவில்லை, பாதி நழுவித் தரையில் ஓடுகிறது.

உன் கடிதத்தை வழக்கம்போல் சாப்பாட்டு நேரத்தில் படித்துக் காட்டினேன். ஒரு வரி விடாமல் படித்தேன். கோழி என்ற இடத்தில் குனிந்துகொண்டார். படித்து முடித்ததும் கேட்டார்:

"என்னப் பத்தி ஏதாவது பேசிக்கிறாங்களாமா?"

திருப்பித் தேடுவது மாதிரி காகிதத்தைப் பார்த்தேன். "இல்லப்பா" என்றேன்.

சரி என்று தலையை ஆட்டிவிட்டு, கையில் சாம்பலை அள்ளிக்கொண்டு அடுத்த விலாங்கைப் பிடிக்கப் போனார்.

உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே எல்லாரையும், ஒவ்வொருவராக, நான் விசாரித்ததாகச் சொல்.

உன் அக்கா
லோவான்